500 ஃபீச்சரில் 20ஐத் தேடி: துகள் திரளும் மரபணு முறையும் வழிக்கு வந்த விதம்

இயற்கையைப் பார்த்து எழுதப்பட்ட தேடல் அல்காரிதங்களை ஃபீச்சர் தேர்வுக்கு, அதாவது தரவு அட்டவணையின் நெடுவரிசைகளில் (ஃபீச்சர்களில்) விடையைக் கணிக்க உதவுபவற்றை மட்டும் பொறுக்குவதற்கு, பயன்படுத்தும் வேலை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. 500 ஃபீச்சர் கொண்ட ஒரு தரவு. அதில் 480 வெறும் இரைச்சல், 20தான் உருப்படியானவை. இப்போது என் நிரல் அந்த இருபதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்கிறது, இரைச்சலில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டாலே அதிகம். எது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்பது இதே வழியில் வருபவர்களுக்கு அதிகம் உதவும். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், எந்தத் தரவில் பழகுவது? இந்த விஷயத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவை எடுத்துக்கொள்கின்றன. 569 பதிவுகள், 30 ஃபீச்சர்கள். நல்ல தரவுதான், ஆனால் தேர்வு முறையைச் சோதிக்க ஏற்றதல்ல. முப்பதையும் அப்படியே சமன்செய்து கொடுத்தாலே சாதாரண கேஎன்என் (மிக அருகில் உள்ள சில பதிவுகளின் வகுப்பைப் பார்த்து விடை சொல்லும் முறை) 95 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஒரு பதிவின் எடை 0.18 சதவீதம். ஆகவே 'எங்கள் முறை 0.4 சதவீதம் மேல்' என்று ஒருவர் சொன்னால் அது இரண்டு பதிவுகளின் வித்தியாசம். ஆரம், சுற்றளவு, பரப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்லும் ஃபீச்சர்கள். அவற்றில் எதை எடுத்தது சரி என்று ஒப்பிட விடைத்தாளும் கிடையாது.

விடைத்தாள் உள்ள தரவு வேண்டும் என்று தேடியபோதுதான் மேடலான் கிடைத்தது. 2003இல் நிப்ஸ் மாநாட்டை ஒட்டி நடந்த ஃபீச்சர் தேர்வுப் போட்டிக்காக இசபெல் குயோன் உருவாக்கிய செயற்கைத் தரவு அது. 5 மூல ஃபீச்சர்கள், அவற்றைக் கூட்டியும் கழித்தும் உண்டாக்கிய 15, மீதி 480 இரைச்சல். ஐந்து பரிமாணக் கனசதுரத்தின் 32 மூலைகளில் புள்ளிக் கொத்துகளை வைத்து, மூலைகளுக்கு இரண்டு வகுப்புகளையும் தாறுமாறாகப் பங்கிட்டிருப்பார்கள். ஒரு ஃபீச்சரை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல ஃபீச்சர்கள் சேர்ந்தால்தான் வகுப்பு தெரியும். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு வடிகட்டும் முறைகள் இங்கே திணறுவது இதனால்தான்.

சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் செயற்கைத் தரவு உண்டாக்கும் மேக்_கிளாசிஃபிகேஷன் இதே வடிவமைப்பைத்தான் பின்பற்றுகிறது. மூலம் 5, வழிவந்தவை 15, மொத்தம் 500, வகுப்புக்கு 16 கொத்துகள், வகுப்பு இடைவெளி 2 என்று கொடுத்தேன். முக்கியமான ஒரு அமைப்பு: ஷஃபிள் என்பதை அணைத்துவிட வேண்டும். அணைத்தால் முதல் 5 ஃபீச்சர் மூலம், அடுத்த 15 வழிவந்தவை, 21ஆவதிலிருந்து இரைச்சல். தேர்வான எண்களைப் பார்த்தவுடனே எத்தனை இரைச்சல் உள்ளே வந்தது என்று எண்ணிவிடலாம். நான் அளவுகோலாக வைத்துக்கொண்டது இதைத்தான், துல்லியத்தை அல்ல.

3000 பதிவுகள் உண்டாக்கி 2000ஐத் தேடலுக்கும், 400ஐ இறுதிப் போட்டியாளர்களுக்குள் ஒன்றைத் தேர்வதற்கும் வைத்தேன். மீதி 600ஐத் தனிக் கோப்பில் பூட்டி வைத்தாயிற்று. மதிப்பெண் போட 5 அண்டைகள் கொண்ட கேஎன்என். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரைச்சல் ஃபீச்சர்கள் சேரச் சேரத் தூரக் கணக்கு கெட்டுப்போகும், அது உடனே மதிப்பெண்ணில் தெரியும். ஐந்நூறையும் கொடுத்தால் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான பதில்தான் வருகிறது. பயனுள்ளவற்றை மட்டும் கொடுத்தால் பத்தில் எட்டு, ஒன்பது சரி. தேடல் நடக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில்.

தொடக்கம் துகள் திரள் முறை. கென்னடியும் எபர்ஹார்ட்டும் 1995இல் கொண்டுவந்தது, பறவைக் கூட்டத்தின் அசைவைப் பார்த்து. ஒவ்வொரு துகளும், அதாவது ஒவ்வொரு தேர்வு முயற்சியும், தான் கண்ட நல்ல இடத்தையும் கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் நோக்கி இழுக்கப்படும். 1997இல் அவர்களே 0, 1 மட்டும் உள்ள பிரச்சினைகளுக்கு ஏற்ற வடிவத்தைக் கொடுத்தார்கள். வேகத்தை, எந்த எண்ணையும் 0க்கும் 1க்கும் நடுவில் மாற்றும் சிக்மாய்டு வளைவில் போட்டு, வருகிற எண்ணை 'இந்த ஃபீச்சர் இருக்க வாய்ப்பு' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 30 துகள், 100 சுற்று, மொத்தம் 3000 மதிப்பீடுகள். நிரல் எழுத அதிக நேரம் ஆகவில்லை. ஓடியது, மதிப்பெண்ணும் மெல்ல ஏறியது. ஆனால் தேர்வான ஃபீச்சர்களின் எண்ணிக்கை இருநூற்றுச் சொச்சத்திலிருந்து இறங்கவே இல்லை. சுற்றுகளைக் கூட்டினேன், துகள்களைக் கூட்டினேன். பலன் இல்லை.

காரணத்தைத் தாளில் கணக்குப் போட்டுத்தான் கண்டேன். வேகம் 0 என்றால் சிக்மாய்டு தரும் வாய்ப்பு 0.5. அதாவது தொடக்கத்தில் ஒவ்வொரு துகளிலும் சராசரியாக 250 ஃபீச்சர் இருக்கும். அதன் திட்ட விலக்கம் 11தான். 217க்குக் கீழே ஒரு துகள் பிறக்க ஆயிரத்தில் ஒன்றிரண்டு வாய்ப்புதான் உண்டு. நாம் தேடுவது 10, 15 ஃபீச்சர் உள்ள தொகுப்பை. கூட்டத்தில் ஒரு துகள்கூட அந்தப் பக்கம் போனதே இல்லை.

அதைவிட மோசமான சிக்கல் பின்னால் இருந்தது. ஒரு இரைச்சல் ஃபீச்சரைத் துகளும் விட்டுவிட்டது, அதன் சொந்தச் சிறந்த இடமும் விட்டுவிட்டது, கூட்டத்தின் சிறந்த இடமும் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒத்துப்போவதால் இழுவிசை இல்லை. வேகம் சுற்றுக்குச் சுற்று சுருங்கி 0க்கு வருகிறது. 0 என்றால் மறுபடி 0.5. எல்லாரும் சேர்ந்து வெளியேற்றியது மறுபடி உள்ளே வந்துவிடுகிறது! வேக எல்லையிலும் கவனம் வேண்டும். எல்லையை 4 என்று வைத்தால், கீழ் எல்லையிலும் வாய்ப்பு 0.018. 480 இரைச்சல் ஃபீச்சரில் எட்டு, ஒன்பது தற்செயலாகவே உள்ளே நிற்கும். 6 என்று வைத்தால் அது ஒன்றாகக் குறையும்.

சரி, இரண்டு மாற்றங்கள் செய்தேன். சிக்மாய்டுக்குப் பதிலாக வி வடிவ வளைவு: வேகத்தின் டேன்ஹெச் (-1க்கும் 1க்கும் நடுவில் வரும் வளைவு) மதிப்பில் குறியை நீக்கிவிட்டு, அதை 'இப்போது இருக்கும் நிலை மாற வாய்ப்பு' என்று எடுத்துக்கொள்வது. வேகம் 0 என்றால் எதுவும் மாறாது. வெளியே போனது வெளியே நிற்கும். இரண்டாவது, தொடக்கத்தை மெலிதாக்கினேன். ஒவ்வொரு ஃபீச்சரும் இருக்க வாய்ப்பு 0.03, அதாவது துகளுக்குச் சராசரி 15 ஃபீச்சர். இப்படிச் செய்தால் ஒரு துகளில் பயனுள்ள ஃபீச்சர் ஒன்றாவது இருக்க வாய்ப்பு 46 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருக்க 12 சதவீதம். 30 துகளில் மூன்று, நான்கு துகள் நல்ல நிலையில் தொடங்குகின்றன. இத்தனை மெலிதான தொடக்கம் போதுமா என்று சந்தேகம் இருந்தது. போதும். மதிப்பெண் முதல் சில சுற்றுகளிலேயே முன்பு கடைசிவரை காணாத உயரத்துக்குப் போய்விட்டது.

ஆனால் இரைச்சல் எண்ணிக்கை இன்னும் பத்து, பதினைந்துக்குக் குறையவில்லை. நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தத் துறையில் எல்லாரும் ஒரே சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: பிழை விகிதத்துக்கு 0.99 எடை (இதை ஆல்ஃபா என்பார்கள்), தேர்வான ஃபீச்சர்களின் பங்குக்கு 0.01 எடை. நானும் அதையே போட்டிருந்தேன். அந்த எண்களுக்கு என் தரவில் என்ன அர்த்தம் என்று பார்த்தேன். ஒரு ஃபீச்சரைக் கழித்தால் கிடைக்கும் லாபம் 0.01ஐ 500ஆல் வகுத்தது, அதாவது 0.00002. ஒரு பதிவு கூடுதலாகச் சரியானால் கிடைக்கும் லாபம் 0.99ஐ 2000ஆல் வகுத்தது, அதாவது 0.000495. ஒரே ஒரு பதிவைச் சரியாகச் சொல்ல 24 இரைச்சல் ஃபீச்சர்களை உள்ளே விடலாம் என்று நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். இதே சூத்திரம் 569 பதிவு, 30 ஃபீச்சர் உள்ள தரவில் ஒரு பதிவுக்கு ஐந்து ஃபீச்சர் என்று ஆகிறது. அங்கே பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. சூத்திரம் ஒன்றுதான், தரவின் அளவு மாறினால் அதன் பொருளே மாறிவிடுகிறது.

2000 பதிவில் 90 சதவீதத் துல்லியம் என்றால் அதன் திட்டப் பிழை 0.67 சதவீதம், கிட்டத்தட்ட 13 பதிவுகள். ஒரு பதிவு, இரண்டு பதிவு வித்தியாசத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. எனவே எடைகளைத் தூக்கிவிட்டு மதிப்பெண்ணை நேரடியாக எழுதினேன்: பிழை விகிதம் கூட்டல் 0.001 பெருக்கல் ஃபீச்சர் எண்ணிக்கை (இது குறைவாக இருப்பதே நல்லது). அதாவது ஒரு ஃபீச்சர் உள்ளே வர வேண்டுமானால் குறைந்தது இரண்டு பதிவுகளையாவது சரிசெய்து தர வேண்டும். பின்பு அதை மூன்று பதிவாக்கியும் பார்த்தேன், இரைச்சல் இன்னும் குறைந்தது. 'ஒரு ஃபீச்சரின் விலை எத்தனை பதிவு' என்று கேட்பது எனக்கு எளிதாக இருக்கிறது. இந்தக் கேள்விக்குத் தரவின் சொந்தக்காரரும் பதில் சொல்லலாம், ஆல்ஃபா எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

அடுத்து மரபணு முறை. 1975இல் ஜான் ஹாலந்து எழுதியதிலிருந்து வருவது, இந்தக் குடும்பத்தின் மூத்தவற்றில் ஒன்று. நல்ல தொகுப்புகளைக் கலந்தும் சற்றே மாற்றியும் அடுத்த தலைமுறையை உண்டாக்கும். பாடப்புத்தகத்தில் உள்ளபடியே, ஒவ்வொரு பிட்டையும் (ஒரு ஃபீச்சர் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0) ஐந்நூறில் ஒரு வாய்ப்பில் திருப்பும் திடீர்மாற்றம் வைத்தேன். தொகுப்புகள் தலைமுறைக்குத் தலைமுறை பருத்துக்கொண்டே போயின. 15 ஃபீச்சர் உள்ள தொகுப்பில் குருட்டாம்போக்கில் ஒரு பிட்டைத் திருப்பினால் 97 சதவீதம் அது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாகவே இருக்கும், ஏனென்றால் 485 பிட்டுகள் 0. கழிக்கும் அசைவு மிக அபூர்வம். இதற்கு மாற்றாக மூன்று அசைவுகளைச் சம வாய்ப்பில் வைத்தேன்: ஒன்றைச் சேர், ஒன்றைக் கழி, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வை. பருமன் நின்றது. மாற்றிவைக்கும் அசைவுதான் அதிகம் உழைக்கிறது. எண்ணிக்கை கூடாமலே ஒரு இரைச்சலின் இடத்தில் ஒரு நல்ல ஃபீச்சர் வந்து உட்கார முடிகிறது.

கலப்பிலும் ஒரு சங்கதி உண்டு. ஒரே இடத்தில் வெட்டி ஒட்டும் கலப்பு, பக்கத்துப் பக்கத்து ஃபீச்சர்களுக்கு உறவு உண்டு என்று கருதுகிறது. அட்டவணையில் ஃபீச்சர்களின் வரிசைக்குப் பொதுவாக எந்தப் பொருளும் இல்லை. என் தரவில் நல்லவை எல்லாம் முதல் 20இல் வரிசையாக இருந்ததால் வெட்டி ஒட்டுவது நியாயமில்லாத சலுகை ஆகிவிடும். அதனால் பிட்டுக்குப் பிட்டு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ எடுக்கும் சீரான கலப்பையே வைத்தேன்.

நேரச் செலவைப் பற்றி. ஐந்து மடிப்புக் குறுக்குச் சோதனை (தரவை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மற்ற நான்கை வைத்துச் சோதிப்பது) என்றால் 3000 மதிப்பீட்டுக்கு 15,000 முறை மாடல் ஓட வேண்டும். கேஎன்என்னில் அது தேவையில்லை. 2000க்கு 2000 தூர அணி ஒன்றைக் கணக்கிட்டு, மூலைவிட்டத்தில் முடிவிலி போட்டுவிட்டால் ஒவ்வொரு பதிவையும் மற்ற 1999 பதிவுகளை வைத்துச் சோதித்ததாகிவிடும். மடிப்பும் இல்லை, மடிப்பைக் குலுக்குவதால் வரும் ஆட்டமும் இல்லை. அணியில் 40 லட்சம் எண்கள், எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 16 எம்பி. ஒரு ஃபீச்சர் மாறும்போது அணியில் அதன் பங்கை மட்டும் கூட்டிக் கழிக்கலாம் என்று முயன்றேன். கழிக்கக் கழிக்கச் சிறு சிறு பின்னப் பிழைகள் சேர்ந்தன. 15 ஃபீச்சருக்கு அணியை முழுவதும் புதிதாகப் போடுவதே வேகமாகத்தான் இருந்தது. அந்த யோசனையை விட்டுவிட்டேன். உண்மையில் நேரத்தைத் தின்றது அண்டைகளைக் கண்டெடுப்பது. முழுவதும் வரிசைப்படுத்தாமல் பைதானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் உள்ள, மிகச் சிறிய சிலவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் ஆர்க்பார்ட்டிஷனைப் பயன்படுத்தினால் கணிசமாகக் குறைகிறது. ஒரு மதிப்பீடு 0.1 நொடிக்கு வந்தால் முழு ஓட்டமும் 5 நிமிடம்தான். ஒருமுறை மதிப்பிட்ட தொகுப்பை மறுபடி மதிப்பிடாமல் நினைவில் வைப்பதும் அவசியம். 500 பிட்டைச் சுருக்கினால் 63 பைட், அகராதியின் சாவியாக அதையே வைக்கலாம். கடைசிச் சுற்றுகளில் அதே தொகுப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் பாதி வேலை மிச்சமாகிறது.

அப்புறம் ஒப்பீடு. இங்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: யாராக இருந்தாலும் 3000 மதிப்பீடுதான். சுற்று எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் ஒரு சுற்றில் இரண்டு முறை மதிப்பிடும் முறை திருட்டு லாபம் அடையும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் பழைய முறைக்கு முதல் படியில் 500 மதிப்பீடு, அடுத்து 499, அடுத்து 498. 3000க்குள் ஆறு படிதான் கட்டுப்படியாகும், 2985. முதல் படியில் எல்லா ஃபீச்சரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்குவதால் முதல் தேர்வு குருட்டாம்போக்கில் அமைகிறது. அது நல்லதாக அமைந்தால் அந்த முறை நன்றாகவே போகிறது, இல்லாவிட்டால் ஆறு படியில் இரண்டு, மூன்று வீண். மெலிதான தொகுப்புகளைக் கண்மூடித்தனமாக 3000 முறை எடுத்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் நான் முதலில் எழுதிய சிக்மாய்டுத் திரளைத் தோற்கடித்தது.

சாம்பல் ஓநாய் முறையையும் எழுதிப் பார்த்தேன், 2014இல் மிர்ஜலிலியும் கூட்டாளிகளும் வெளியிட்டது. முதல் மூன்று ஓநாய்களின் சராசரியை நோக்கி மற்றவை நகரும். அதே மெலிந்த தொடக்கம், அதே மதிப்பெண், அதே வி வடிவ வளைவு கொடுத்தபோது துகள் திரள், மரபணு முறை, ஓநாய் மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், ஒரே முறையை வேறு வேறு விதை எண்ணில் (தற்செயல் எண்களின் தொடக்கத்தில்) ஓட்டும்போது வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது. கென்னத் சோரன்சன் 2015இல் இந்த உவமைப் பெயர்களின் பெருக்கத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதியது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மரபணு முறையை வைத்துக்கொண்டேன். மூன்று அசைவுகளையும் எளிதில் எழுதலாம், பிழை தேடவும் எளிது.

இன்னொரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். வகுப்பு விடைகளைக் குலுக்கிவிட்டு முழு வேலையையும் மறுபடி ஓட்டுங்கள். கற்க எதுவுமே இல்லாத தரவு, 50 சதவீதம்தான் வர வேண்டும். 2000 பதிவில் திட்டப் பிழை 1.1 சதவீதம். 3000 தொகுப்புகளைப் பார்த்து மிக உயர்ந்ததை எடுத்தால் தற்செயலே 53, 54ஐத் தொடக்கூடும். தேடல் அதன் மேலும் ஏறும், ஏறுவதுதானே அதன் வேலை. பூட்டிய 600இல் போட்டால் 50க்கே திரும்பிவிடுகிறது. தேடலுக்குள் காட்டும் மதிப்பெண்ணை வெளியே சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். மரபணுத் தரவுகளில் இதே கோளாறு எவ்வளவு பெரிதாகும் என்பதை ஆம்ப்ரோய்ஸும் மெக்லாக்லனும் 2002இலேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் தேர்வை முழுத் தரவிலும் செய்துவிட்டு அதன் பிறகு குறுக்குச் சோதனை செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை.

நிலைத்தன்மையைப் பார்த்தபோது ஒரு குழப்பம். வேறு வேறு விதை எண்ணில் ஓட்டினால் வேறு வேறு ஃபீச்சர்கள் வந்தன. சில ஓட்டங்களுக்குள் பொதுவானது ஒன்றிரண்டுதான். தேடல் தடுமாறுகிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இரைச்சல் எதுவும் இல்லையே! வழிவந்த 15உம் மூல ஐந்தின் நேர்கோட்டுக் கலவைகள். இருபதில் எந்த ஐந்தை எடுத்தாலும் அதிலிருந்து மூல ஐந்தை மீட்டுவிடலாம். அப்படிப்பட்ட ஐந்துகள் 15,504 உண்டு. எல்லாவற்றிலும் இருக்கும் செய்தி ஒன்றே, கேஎன்என் தூரம் மட்டும் சற்று வேறுபடும். ஆகவே தேர்வானவற்றை வைத்து மூல ஐந்தை நேர்கோட்டுப் பின்னடைவால் கணித்துப் பார்த்தேன். ஏறக்குறைய முழுதாக மீண்டு வந்தது. எண்களை ஒப்பிட்டு நிலைத்தன்மை பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டிய ஃபீச்சர்கள் எந்த நிஜத் தரவிலும் இருக்கும்.

கடைசியாக ஒரு சீவல். தேடல் முடிந்ததும் தேர்வானவற்றை ஒவ்வொன்றாக நீக்கி மதிப்பெண் பார்ப்பது. பத்து, பதினைந்து மதிப்பீடுகள்தான் செலவு. ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசி இரைச்சல் பெரும்பாலும் இதில் உதிர்ந்துவிடுகிறது.

நிஜத் தரவில் விடைத்தாள் இருக்காது. அங்கே இரைச்சலை நாமே கலந்துவிடலாம். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு நகல் எடுத்து, நகலின் மதிப்புகளைப் பதிவுகளுக்குள் குலுக்கிவிட வேண்டும். 2010இல் வந்த போரூட்டா முறை இந்த நிழல் ஃபீச்சர்களை பல முடிவு மரங்களைச் சேர்த்த ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலோடு வைத்துச் செய்வது. 60 ஃபீச்சர் உள்ள தரவு 120 ஆகும், தேடல் அந்த அளவு நீளும். பல விதை எண்களில் ஓட்டி, மிக அதிகமாகத் தேர்வான நிழலைவிட அதிகமாக வரும் ஃபீச்சரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒட்டிய ஃபீச்சர்களுக்குள் வாக்கு சிதறிப்போவதுதான் இதில் இன்னும் தீராத சிக்கல். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன்பே அவற்றைக் குழுவாகக் கட்டி, குழுவுக்கு ஒரு பிட் என்று வைத்துப் பார்க்கப் போகிறேன். தொடக்கத்திலேயே ஃபீச்சரின் விலையைப் பதிவுக் கணக்கில் நிர்ணயிப்பது, எந்த விலங்கையும் எழுதும் முன் மெலிந்த கண்மூடித் தேடலை ஓட்டி அதன் மதிப்பெண்ணைக் குறித்துவைப்பது, இந்த இரண்டும் முதல் நாள் வேலையாக இருக்கும். கேஎன்என்னுக்குப் பதில் லாஜிஸ்டிக் மாடலை வைத்தால் தூர அணி வித்தை பயன்படாது, அப்போது 3000 மதிப்பீட்டை ஆயிரமாகக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.